லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது தெரியாமல் ஓட்டினேன், கிராமத்துக் கோர்ட்டில் என்ன செய்வார்கள்?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு கிராமப்புறக் கவுண்டியில் படிக்கிறேன். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனதே தெரியாமல் கார் ஓட்டிப் பிடிபட்டுவிட்டேன். ஜெயிலில் போடுவார்களா? விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்:

முதல் தடவை என்றால் பெரும்பாலும் ஜெயில் இருக்காது. அதற்காக ஸ்பீடிங் டிக்கெட் மாதிரி ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் மேல் இருப்பது கிரிமினல் வழக்கு. 2017-ல் இதே மாநிலத்தின் கிழக்குப் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில், இதே குற்றத்துக்காகக் கைகட்டி நின்றவன் நான். நான் வக்கீல் இல்லை, பட்டதையும் பிறகு படித்ததையும் சொல்கிறேன்.

போலீஸ் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பாருங்கள். 46.20.342 என்ற சட்டப்பிரிவு இருக்கும், பக்கத்தில் எத்தனையாவது டிகிரி (குற்றத்தின் கடுமை; முதல் டிகிரிதான் மிகக் கடுமை) என்றும் இருக்கும். உங்கள் தலையெழுத்து முக்கால்வாசி அந்த டிகிரியில்தான். கோர்ட்டுக்கு வராமல் விட்டது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் விபத்து, சஸ்பென்ஷன் காலம் முடிந்தும் லைசென்ஸைத் திரும்ப வாங்காமல் இருந்தது, இவையெல்லாம் மூன்றாம் டிகிரி. அதிகபட்சம் 90 நாள் ஜெயில், 1,000 டாலர் அபராதம். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற காரணத்தால் போன லைசென்ஸ் என்றால் இரண்டாம் டிகிரி: 364 நாள், 5,000 டாலர் வரை போகலாம். முதல் டிகிரி என்பது ஐந்து ஆண்டில் இருபது போக்குவரத்துக் குற்றம் செய்த மாதிரி ஆட்களுக்கு; அதில் முதல் தண்டனையே குறைந்தது 10 நாள் உள்ளே. டிகிரி, லைசென்ஸ் போன காரணத்தைப் பொறுத்தது; தெரியாமல் ஓட்டியதாகச் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது மூன்றாம் டிகிரியாக இருக்கலாம்.

என் கதை ரொம்பச் சாதாரணம். அந்தப் பக்கத்துப் பெரிய நகரமான ஸ்போகேனுக்கு ஆள் கூப்பிடப் போகும்போது ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினேன். தொகையைக் குறைத்துக் கேட்கலாம் என்று ஹியரிங் கேட்டு எழுதிப் போட்டேன். அதற்குள் செமஸ்டர் முடிந்து வீடு மாறிவிட்டேன். ஹியரிங் தேதிக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. நான் வரவில்லை என்று கோர்ட் லைசென்ஸ் துறைக்குத் தெரிவித்தது. "சஸ்பெண்ட் செய்யப் போகிறோம்" என்று அவர்கள் அனுப்பிய கடிதமும் அதே பழைய முகவரிக்கே போனது. வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். கரண்ட், இன்டர்நெட், பேங்க் எல்லாவற்றிலும் மாற்றினேன், இதை மட்டும் விட்டேன். மூன்று மாதம் கழித்து, பின்பக்க லைட் ஒன்று எரியவில்லை என்று இரவில் நிறுத்தினார்கள். லைசென்ஸைக் கொடுத்துவிட்டு தைரியமாக உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் திரும்பி வந்து, "உங்களைக் கூட்டிப்போக யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. ரூம்மேட் பனியனோடு வந்து கூட்டிப்போனான்.

கோர்ட்டுக்குப் போன அன்று காலை அங்கே முப்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேருக்கு மேல் என் மாதிரி கேஸ்தான். ஆச்சரியமே இல்லை. பஸ் கிடையாது, அடுத்த மளிகைக் கடை இருபது மைல். லைசென்ஸ் போனாலும் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? எனக்கு முன்னால் ஒருவர், கோதுமை அறுக்கும் எந்திரம் ஓட்டுபவர், இரண்டாவது தடவையாக மாட்டியவர். "அறுப்பு முடியட்டும் யுவர் ஆனர், கூலி வந்ததும் பாக்கியைக் கட்டி லைசென்ஸை வாங்கிவிடுகிறேன்" என்றார். ஜட்ஜ் நாட்காட்டியைப் பார்த்தார், செப்டம்பரில் தேதி கொடுத்தார். அவ்வளவுதான். பெரிய நகரக் கோர்ட்டில் இந்தப் பேச்சு எடுபட்டிருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்தவர் இரண்டாம் டிகிரி. குடித்து ஓட்டி லைசென்ஸ் போன பிறகும் ஓட்டியவர். ஜட்ஜ் "364 நாள்" என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே "அதில் 354 நாள் சஸ்பெண்டட்" என்றார். அதாவது மீதிப் பத்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்து, ஒழுங்காக இருந்தால் அந்த 354 நாள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே கழிந்துவிடும். பெயர் கூப்பிட்டு வராத நாலைந்து பேருக்கு அங்கேயே வாரன்ட். அதைச் சொல்லும்போது ஜட்ஜ் தலைகூட நிமிரவில்லை.

என் முறை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றே தலைமுழுகிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். நல்லவேளை, ஜெயில் தண்டனை வரக்கூடிய வழக்கு என்பதால், பணம் இல்லாதவருக்கு இலவச வக்கீல் உண்டு என்று ஜட்ஜே சொன்னார். உதவித்தொகையில் ஓடும் மாணவன் நான், எழுதிக் கொடுத்தேன், கிடைத்தார். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த தேதிக்குள் லைசென்ஸைக் கையில் வாங்கிவிட முடியுமா?" தெரிந்து ஓட்டினேனா, தெரியாமல் ஓட்டினேனா என்று நான் மூச்சுவிடாமல் சொன்னதை அவர் பாதிகூடக் கேட்கவில்லை.

வாங்கிவிட்டேன். முதலில் பழைய ஸ்பீடிங் டிக்கெட்டை அந்தக் கோர்ட் கவுன்டரில் கட்டி முடித்தேன். கட்டியாயிற்று என்று கோர்ட் லைசென்ஸ் துறைக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும், அதுவரை ஓட்டக் கூடாது. பிறகு லைசென்ஸைத் திரும்பத் தர 75 டாலர். அந்த ஊரில் லைசென்ஸ் ஆபீஸ் தினமும் திறக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்த தேதியில் என் வக்கீல் அந்தக் காகிதத்தை அரசுத் தரப்பு வக்கீலிடம் நீட்டினார். அவர் கேஸை 46.20.015-க்கு மாற்றிக்கொண்டார். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது என்ற வெறும் விதிமீறல் அது. கிரிமினல் குற்றம் இல்லை. அதற்கு அபராதம் 250 டாலர், லைசென்ஸ் வாங்கிவிட்டதாகக் காட்டினால் 50-ஆகக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எல்லா ஊரிலும் இப்படி மாற்றித் தருவார்கள் என்று இல்லை. சில இடத்தில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளிவைத்து, வேறு வம்பு இல்லையென்றால் தள்ளுபடி செய்வார்கள். எந்த வழியானாலும் லைசென்ஸ் கையில் இல்லாமல் பேச்சே தொடங்காது.

இன்னொன்று. 2023 ஜனவரி முதல், போக்குவரத்து டிக்கெட்டுக்குப் பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் வாஷிங்டனில் லைசென்ஸைப் பிடுங்குவது இல்லை. உங்கள் சஸ்பென்ஷனுக்குக் காரணம் என்ன என்று லைசென்ஸ் துறையிடமிருந்து ஓட்டுநர் பதிவை வாங்கிப் பாருங்கள். அதையும் வக்கீலிடம் கொடுங்கள். அறிவிப்பு சரியான முகவரிக்குப் போனதா என்பதிலும் வாதாட இடம் இருக்கலாம். வேறு மாநிலத்து நண்பர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். டெக்ஸாஸில் முதல் தடவை பெரும்பாலும் 500 டாலர் வரை அபராதம் மட்டும். வர்ஜீனியாவில் இதே தப்புக்கு 12 மாதம் ஜெயில் வரை இடம் உண்டு.

விசா: நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்பதை வக்கீலிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்வது அவர் கடமை என 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றிக் கேட்பார்கள், மறைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (அரசு வைத்திருக்கும் மாணவர் பதிவேடு) பதிவைத் திடீரென்று ரத்து செய்து, வழக்குகள் குவிந்த பிறகு திருப்பித் தந்தார்களே, அதில் சின்னச் சின்னப் போக்குவரத்து வழக்கு இருந்தவர்களும் மாட்டினார்கள். அதனால் வழக்கு எண்ணும் கடைசி உத்தரவும் உள்ள சான்றிட்ட நகல் ஒன்றைக் கோர்ட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் பாஸ்போர்ட் கவரில்தான் இருக்கிறது. விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போனபோது ஒரு தடவை நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு, "டெயில் லைட்டைச் சரி செய்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.