டை ராடு எண்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என் பழைய மாருதி 800 எண்ணூர் சாலைப் பள்ளங்களில் இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது, ஸ்டீயரிங்கும் ஆடுகிறது. டை ராடு எண்டை நானே மாற்றலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாற்றலாம். ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பிதான் டை ராடு; அதன் நுனியில் உள்ள மூட்டுதான் எண்டு. முதலில் வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே கூடாது. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது எண்டின் மூட்டு ஆடினால் அதுதான் காரணம். மேலும் கீழும் பிடித்தால் மட்டும் ஆடினால், பால் ஜாயின்ட்டையோ (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் மூட்டு) வீல் பேரிங்கையோ பாருங்கள்.

கடற்காற்றில் மரை துருவேறி இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். எண்டை டை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி, அந்த நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனிவரை தளர்த்தி, மூட்டைப் பிரித்தெடுக்கும் புல்லர் கருவியைப் போடுங்கள். எண்டின் போல்ட் நுனியில் சுத்தியால் அடித்தால் மரை நசுங்கும். அடிப்பதானால், எண்டு பொருந்தியிருக்கும் சக்கரப் பக்கத்து நக்கிள் கையின் பக்கவாட்டில்தான்.

பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். காட்டர் பின்னும் புதிதாக இருக்கட்டும். பின் நுழையும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள், இல்லையேல் டயரின் ஓரம் தேய்ந்துபோகும்.