இடுப்பு மூட்டு மாற்றமும் ரத்த உறைவும்: எலும்பு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நாளை வீடு திரும்புகிறார். காலில் வலியோ வீக்கமோ இல்லை. இருந்தாலும் காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டுப் போவது நல்லதல்லவா, டாக்டர்?

பதில்: தொந்தரவு இல்லாதவருக்கு அது வேண்டியதில்லை. கனடாவில் இதையே சோதித்துப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். மூட்டு மாற்றிக்கொண்ட 1024 பேரில் ஒரு பாதியினருக்கு உண்மையான ஸ்கேனும் மறு பாதியினருக்கு ஸ்கேன் எடுப்பது போன்ற பாவனையும் செய்தார்கள். பிறகு உறைவால் அவதிப்பட்டவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான். அறுவையின்போது தொடை எலும்பை இடுப்புக் கிண்ணத்திலிருந்து விலக்கித் திருப்புகையில் தொடைச் சிரை முறுக்கிக்கொள்வதால், பலருக்குச் சிறு உறைவுகள் தோன்றித் தாமாகவே கரைந்தும் போகின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து உறைவுக்கான மருந்தை முழு அளவில் கொடுத்தால், ஆறாத காயத்தில் ரத்தம் கசியும் ஆபத்தை நாமே வரவழைக்கிறோம்.

உண்மையில் தொல்லை தரும் உறைவு பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, இரண்டு மூன்று வாரங்களில்தான் வெளிப்படுகிறது. நான்காம் நாள் ஸ்கேன் நன்றாக இருந்ததே என்ற நிம்மதியில், பதினேழாம் நாள் வீங்கும் காலை 'நடந்ததால் வந்த வீக்கம்' என்று தள்ளிப்போடுவார்களே, அதுதான் என் பயம். ஸ்கேனுக்குப் பதில் தையல்காரரின் டேப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே இரு கெண்டைக்கால்களையும் அளந்து, 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் அப்போது தேவை. உறைவைத் தடுக்கும் மாத்திரையை 35 நாள் என்று எழுதியிருந்தால் 35 நாளும் கொடுங்கள். வீங்கிய காலைத் தைலம் தேய்த்து நீவ வேண்டாம்.

கேள்வி: ஸ்கேனுக்குப் பதில், உறைவு இருக்கிறதா என்று அறிய எடுக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை போதுமா?

பதில்: அறுவைக்குப் பின் பல வாரங்கள் எல்லோருக்குமே அது உயர்ந்திருக்கும். பணம்தான் வீண்.

கேள்வி: உறைவைத் தடுக்க எங்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஊசி போடாதது அலட்சியமா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 2018இல் வெளியான கனடிய ஆய்வில், முதல் ஐந்து நாள் ரிவராக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பின்னர் ஆஸ்பிரினுக்கு மாறியவர்கள், ரிவராக்சபானையே தொடர்ந்தவர்களைவிட மோசமாக இல்லை.

மறுப்பு (வேறொரு வாசகர்): 2022இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வை ஏன் சொல்லவில்லை?

பதில்: நியாயமான கேள்வி. அதில் முதல் நாளிலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 3.45 விழுக்காட்டினருக்கும், எனாக்ஸாபரின் ஊசி பெற்றவர்களில் 1.82 விழுக்காட்டினருக்கும் உறைவு ஏற்பட்டது. கூடுதலாக வந்தவை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழானவை. ஆகவே முதல் சில நாள் வலுவான மருந்து, பிறகு ஆஸ்பிரின் என்பதே என் வழக்கம். முன்பே உறைவு வந்தவருக்கும் புற்றுநோய் உள்ளவருக்கும் ஆஸ்பிரினை மட்டும் நம்ப மாட்டேன்.

மறுப்பு: அப்படியானால் முதல் பதிலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

பதில்: சொல்லியிருக்கலாம்தான்.

கேள்வி: என் மாமனாருக்கு வலி இல்லை. ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: மேலே முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி எனக்கு வருவது இது மூன்றாவது முறை.

கேள்வி: எண்ணெய் தேய்த்தால் வீக்கம் வடியுமா?

பதில்: தேய்க்காதீர்கள் என்று எழுதிய மை காயவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு அறுவை முடிந்து 20 நாள். காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது. மார்பில் குத்துகிறது. எந்த ஸ்கேன் எடுப்பது?

பதில்: அடுத்த பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்; அறுவை நடந்த தேதியையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.