நோட்டை மகளிடம் கொடுத்துவிட்ட அம்மா

கவிதை எழுதி எழுதி அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கவிதை எழுதுவதால் உங்கள் அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்காது. போரில் வீட்டையும் தம்பியையும் பறிகொடுத்து அகதியாக வந்தவர், இத்தனை ஆண்டு வாய் திறக்காதவர், அண்மையில் இரவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார், எழுதும்போது அழுதார். அழுததில் தவறில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் துயரங்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. அதற்காகக் கவிதை ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு முடி கொட்டுவதாகச் சொன்னது, கண் துடிப்பதாகச் சொன்னது, 'பழைய நினைவைக் கிளறினால் மூளை சுருங்கும்' என்று நீங்கள் இணையத்தில் படித்தது, மூன்றையும் விடுங்கள்.

என்னை உலுக்கியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான். கவிதை நோட்டுகளை எல்லாம் உங்களிடம் கொடுத்து "இனி நீயே வைத்துக்கொள்" என்றாராம். அன்றிலிருந்து அழுகை நின்று அமைதியாகிவிட்டாராம். நீங்கள் அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டீர்கள். தேறியும் இருக்கலாம். ஆனால், நேசித்த பொருளைக் கொடுத்துவிட்டுத் திடீரென அமைதியாகிறவர், போய்விடுவது என்று முடிவெடுத்தவராகவும் இருக்கலாம். இன்றே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றாலும், மழுப்பினாலும், தனியே விடாதீர்கள். இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அங்கே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். சாக நினைத்ததை மகளை வைத்துக்கொண்டு எந்த அம்மா சொல்வார்? ஆபத்து நீங்கிய பிறகு மனநல மருத்துவர் தேவை. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கென்றே ஒரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது: வாழ்க்கையை ஒரு கயிறாகத் தரையில் விரித்து, துயரத்துக்குக் கல், மகிழ்ச்சிக்குப் பூ என்று வைத்து, வரிசையாகச் சொல்ல வைப்பார்கள். சொல்லத் தெரிந்தவர் உங்கள் அம்மா; நிச்சயம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்குக் கொடுத்த அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை. அவர் என்ன மருத்துவரா? ஆறு வாரம் தினமும் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் நிறுத்தாதீர்கள். அட்டை முழுவதையும் இப்போதே உங்கள் கைக்கு மாற்றுங்கள், இரவுக்கு வழக்கமாகப் போடுவதை மட்டும் கொடுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.