பழைய பாய்மரப் போர்க்கப்பலின் மர மாதிரியை நுணுக்கமாகச் செய்து முடித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் பிடித்தது? நடுவில் விட்டால் மறுபடி தொட முடியுமா?

முடித்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 72இல் ஒரு பங்கு அளவில். 2014 தையில் தொடங்கினேன், 2023 கார்த்திகையில் முடிந்தது. ஏறத்தாழப் பத்து வருடம் என்றதும் பயந்துவிடாதீர்கள். அதில் நான்கு வருடம் அது ஒரு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என்னிடம் உள்ள பதில் அந்த நான்கு வருடம்தான்.

நான் திருகோணமலையில் (ஆங்கிலத்தில் டிரிங்கோமலி) பிறந்தவன். இங்கிலாந்தின் வடகிழக்கில் குடியேறிச் சில வருடம் கழித்துத்தான், காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு கப்பல் மிதக்கிறது என்பது தெரிந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் பீரங்கியைப் பார்த்தார்கள். நான் முகப்புச் சிலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தலைப்பாகை கட்டிய ஓர் ஆள், கடலைப் பார்த்தபடி. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் அப்படித் தலைப்பாகை கட்டிய ஆளை நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

பெயர்தான் எங்களுடையது, கப்பல் பம்பாயில் பிறந்தது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் மலபார்த் தேக்கில், பம்பாய்க் கப்பல் துறையில், வாடியா என்ற பார்சி குடும்பத்தாரைக் கொண்டு கட்டச் சொன்னார்கள். அப்போது தலைமைக் கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா. கட்டுவதற்கான வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் ஜாவாவை அடித்து வீழ்த்தியது, வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி வரைபடம் அனுப்பி, 1816இல் ஏரா (கப்பலின் அடிமரம்) வைத்து, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார்கள். (அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்றுவரை பாஸ்டனில் மிதக்கிறது. இரண்டும் இருநூறு வருடம் தாண்டி இருக்கின்றன என்பதை நினைக்க எனக்கு எப்போதும் வியப்பு.)

1819இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. புதுக் கப்பலுக்கு வேலை இல்லை. மேலே கூரை போட்டு மூடி, அப்படியே நிறுத்தி வைத்தார்கள். 1845இல்தான் மறுபடி கை வைத்தார்கள். முதன்முதலாகப் பணிக்குப் புறப்பட்டது 1847இல். நீரில் இறங்கி முப்பது வருடம் கழித்து!

சரி, மாதிரிக்கு வருகிறேன். நான் கிட் (வெட்டித் தயாராக வரும் துண்டுகளின் பெட்டி) வாங்கவில்லை. இந்தக் கப்பல் லீடா என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் பழைய வரைபடப் பிரதிகளை கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி, அளவைக் குறைத்து அச்செடுத்தேன். ஏராவும் வங்குகளும் (கப்பலின் விலா மரங்களை எங்கள் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம்) பிளைவூட்டில் வெட்டினேன். பீரங்கித் தளத்தின் நீளம் மட்டும் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர்.

தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய பள்ளிக்கூட ஆய்வுகூட மேசை ஒன்றின் தேக்குப் பலகை கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சீவி ஒட்டிப் பார்த்தேன், மறுநாள் காலையில் பாதி கழன்று கிடந்தது. தேக்கில் எண்ணெய் அதிகம், பசை பிடிக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் மரத்தின் வரி. 72 மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒரு விரல் தடிப்பு வரும், கண்ணுக்கு அது கப்பலாகவே தெரியாது. ஆனால் என் பசையை விரட்டிய அதே எண்ணெய்தான் அந்தப் பெரிய கப்பலைக் காப்பாற்றியது. ஓக் மரத்தில் அடித்த இரும்பு ஆணியை மரத்தின் புளிப்பே அரித்துவிடும், தேக்கில் அப்படி ஆகாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கழன்று விழுந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது வேறு. பிறகு பேரி மரத்துக்கு மாறினேன். அதன் வரி அவ்வளவு நுண்மையானது, வெந்நீரில் ஊறவைத்தால் அணியத்தின் (கப்பலின் முன்பக்கம்) வளைவுக்குச் சொன்னபடி வளைந்து கொடுக்கும். தேக்குப் பலகையைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் பின்பக்கம் வரை முடித்துவிட்டேன். சன்னல்கள், சிறு தூண்கள், எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி சதுரமாக. அந்தக் கோடையில் தளத்தின் விவரங்களைப் படம் எடுக்க ஹார்ட்டில்பூல் போனேன். கப்பலின் பின்னால் போய் நின்றபோதுதான் உறைத்தது. அங்கே சதுரம் இல்லை, வளைவு. 1845இல் மாற்றிக் கட்டியபோது பீரங்கிகளைக் குறைத்து 26 ஆக்கினார்கள், பின்பக்கத்தையும் உருமாற்றினார்கள். அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை, எங்கோ படித்ததுதான். ஆனால் என் மேசையில் இருந்தது 1817இன் பின்பக்கமும் 1845இன் தளமும் கலந்த ஒரு கப்பல் என்பது அந்த நிமிடம் வரை எனக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு கப்பல் ஒரு நாளும் கடலில் இருந்ததில்லை.

ஒரு கிழமை அதைத் தொடவில்லை. நான் கண்ணால் பார்த்த, கையால் தொட்ட கப்பலையே செய்வது என்று அப்புறம் முடிவெடுத்தேன். வெள்ளைப் பசையைக் கழற்ற ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். பஞ்சை நனைத்து மூட்டின் மேல் வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, மெல்லிய கத்தியை உள்ளே விட்டால் மரம் காயப்படாமல் பிரிந்து வரும். இரண்டு மாத வேலையை இரண்டு இரவில் பிரித்தேன். மாதிரி செய்கிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இது: எந்த வருடத்துக் கப்பல் என்பதை முதல் நாளே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து நீருக்குக் கீழே செப்புத் தகடு. அசல் தகடு நான்கு அடி நீளம், 14 அங்குல அகலம். என் அளவில் 17 மில்லிமீட்டருக்கு 5. செப்பு நாடாவை வெட்டி ஏறத்தாழ 1,900 துண்டு ஒட்டினேன். கையுறை இல்லாமல் தொட்டால் விரல் ரேகை இரண்டு மாதத்தில் கறுப்பாக எழும்பி வரும். அதைத் தவிர அந்த வேலையில் சொல்ல ஒன்றும் இல்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

அதை முடித்த சமயம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எங்களோடு வந்து தங்கினார். நான் வேலை செய்த அறைதான் வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்த ஒரே அறை, அதை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தோம். பாய்மரம் இல்லாத கப்பலைத் துணியில் சுற்றி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். நான்கு வருடம் அங்கேதான் இருந்தது. ஒரு நாள் கீழே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எடுத்துக் காட்டி, பெயரைச் சொன்னேன்.

“எங்கட ஊர்ப் பேரோ? வெள்ளைக்காரனோ வைச்சவன்?” என்றார். இடது கை விரல்களால் செப்புத் தகட்டைத் தடவிப் பார்த்தார். “முடிச்சு வை தம்பி. அரைகுறையாக் கிடக்கப்படாது.”

அம்மா போன பிறகு ஐந்து மாதம் அந்த அறையைத் திறக்க முடியவில்லை. திறந்து கப்பலை வெளியே எடுத்தபோது, தூசியைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மூட்டுக்கூட விடவில்லை. போர்ட்ஸ்மத்தில் கூரைக்குக் கீழே காத்துக் கிடந்த கப்பலை அன்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம், தொட முடியும். வெயில் படாமல், ஈரம் ஏறாமல் வைத்தால் மரம் காத்திருக்கும். கைக்குப் பழக்கம் திரும்ப மூன்று கிழமை போதும். முதலில் பெரிய வேலை எதையும் எடுக்காமல், முகப்புச் சிலையைச் செதுக்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பாக்ஸ் மரத் துண்டு. தலைப்பாகையின் மடிப்புக்கு மட்டும் மூன்று மாலை.

பிறகு கயிறு. பாய்மரக் கப்பலில் பாதி வேலை கயிறுதான் என்பார்கள், என் கணக்கில் பாதிக்கும் மேல். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகளை ஒரு பக்கம் முழுதும் கட்டிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று மாறி மாறி, முன்னாலிருந்து பின்னால் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரம் சாய்ந்துவிடும், பிறகு எந்தக் கயிறு இழுக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறும் ஏணிப்படிகள். அசலில் படிக்குப் படி 14, 15 அங்குல இடைவெளி. என் அளவில் 5 மில்லிமீட்டர். மகளின் பழைய கணக்குக் கொப்பியில் கட்டத்தின் அளவும் 5 மில்லிமீட்டர். ஒரு தாளைக் கிழித்துக் கயிறுகளுக்குப் பின்னால் செருகினால் ஒவ்வொரு கோடும் ஒரு படி. தேன்மெழுகில் ஓட்டிய நூலைச் சாமணத்தால் பிடித்து, கயிற்றைச் சுற்றி ஒரு தரம், மேலே குறுக்காகக் கடந்து இன்னொரு தரம், நுனியை அடியில் விட்டு இழுக்க வேண்டும். இறுக்கினால் இரண்டு கயிறும் இடுப்புப் போல் உள்ளே ஒடுங்கும். தளர்ந்தால் படி தொங்கும். இரண்டுக்கும் நடுவில் விரலுக்குத் தெரியும் ஓர் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்தி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசி முனையால் ஒரு சொட்டு. இப்படி 1,700க்கு மேல் முடிச்சு. ஒரு மாலைக்கு நாற்பது, அதற்கு மேல் போனால் கண் பொய் சொல்லும். அறுநூறாவது முடிச்சுக்குப் பிறகு போட்டவை முன்னையவற்றைவிட நேராக இருந்ததால், முதல் இருநூறை அறுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை.

பாய் விரிக்கவில்லை. இந்த அளவில் எவ்வளவு மெல்லிய துணியும் போர்வை போலத்தான் தெரியும். வெறும் பருமல்களோடு (பாய் கட்டும் குறுக்கு மரங்கள்) நிற்கும்போது கயிற்றின் ஒழுங்கு முழுதும் கண்ணுக்குப் படுகிறது, எனக்கு அதுவே அழகு.

கடைசி வேலை கயிற்றுச் சுருள்கள். ஓரத்து முளைகளில் மாட்டத் தனித்தனியாகச் சுற்றி, நனைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். கடைசிச் சுருளை மாட்டிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினேன். மேசையில் ஒன்றும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன், அவள் வந்து ஒன்றும் பேசாமல் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெயருக்காக, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்ற கப்பலை எடுக்க வேண்டாம். 104 பீரங்கி. ஒரே பீரங்கி வண்டியை, ஒரே சக்கரத்தை நூறு தரம் செய்யும்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை ஆறு மாதத்தில் முடியுங்கள், அதில் எல்லா வேலையும் ஒரு தரம் வந்துவிடும். அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்கான காசை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். கயிற்றில் படிந்த தூசியைப் பிறகு எடுக்கவே முடியாது.

அந்த ஆய்வுகூட மேசைத் தேக்கில்தான் தாங்குகட்டை செய்தேன். அதில் திருகோணமலை என்று தமிழில் செதுக்கி, அம்மா இருந்த அறையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்து வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய் விரித்துப் போன அன்னபூரணியைச் செய்ய ஆசை. இரண்டு பாய்மரம், பீரங்கி இல்லை. அதன் அளவுகளோ பழைய படங்களோ உங்கள் யார் வீட்டிலாவது இருந்தால் கீழே எழுதுங்கள்.