வேறு சூரியன்களின் கோள்கள்: கொடைக்கானல் நண்பர்களின் கேள்விகள்

கொடைக்கானல் வட்டாரத்தில் வானம் பார்க்கும் நண்பர்கள் கேட்டவை இவை. ஒளியை நிறங்களாகப் பிரித்து எடுக்கும் நிறமாலைப் பதிவுகளோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

பூண்டு விவசாயி, பூம்பாறை: ஐயா, வேற நட்சத்திரத்துக்குக் கோள் இருக்குன்னு சொல்றாங்களே, கண்ணால பாத்தாங்களா?

பெரும்பாலும் இல்லைங்க. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிடச் சுமார் ஆயிரம் கோடி மடங்கு பிரகாசம். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கோள் எப்படித் தெரியும்? எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் நான்கு கோள்கள் போலச் சிலவற்றைத்தான் நேரடியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

ஆசிரியை, பெருமாள்மலை: நட்சத்திரத்தில் என்ன பார்க்கிறார்கள் சார்?

முக்கியமாக இரண்டு. கோள் குறுக்கே போகும்போது ஒளி மங்குகிறதா என்பது ஒன்று. சூரியனுக்குக் குறுக்கே வியாழன் போனால் 1 சதவீதம் மங்கும். பூமி போனால் 0.01 சதவீதம்கூட இல்லை. 2009-ல் ஏவிய கெப்ளர் விண்கலம் இந்த வழியில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. ஆனால் கோளின் பாதை நம் பார்வைக்கு நேராக அமைய வேண்டும். பூமி போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு 200-ல் ஒன்றுதான்.

இரண்டாவது வழிதான் என் மனசுக்கு நெருக்கமானது. கோள் இழுப்பதால் நட்சத்திரமும் லேசாகத் தள்ளாடும். நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (நிறப் பட்டையின் குறுக்கே தெரியும் கருங்கோடுகள்) நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். மலைப்பாதையில் நம்மைக் கடந்து போகும் பஸ்ஸின் ஹாரன் சத்தம் மாறுவது போல. இதே நகர்வை அளந்துதான் 1909-ல் ஜான் எவர்ஷெட், நம் கொடைக்கானல் ஆய்வகத்தில், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தைப் பிடித்தார்கள். அதன் கோள் 4.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது! இதற்காக அவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வியாழன் சூரியனை வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி 9 சென்டிமீட்டர்தான்.

கல்லூரி மாணவி, நாயுடுபுரம்: அந்த 9 சென்டிமீட்டரை அளக்கும் கருவி வந்துட்டா இன்னொரு பூமி கிடைச்சிடுமா சார்?

கருவி மட்டும் போதாதும்மா. நட்சத்திரத்தின் மேற்பரப்பு கொதித்துக்கொண்டே இருக்கும், புள்ளிகள் வந்து போகும். அதனாலேயே கோடுகள் வினாடிக்கு மீட்டர் கணக்கில் நகர்ந்து, கோள் இருப்பது போலக் காட்டும். ரோகிணி நட்சத்திரத்துக்கு 2015-ல் அறிவித்த கோள் இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. மேற்பரப்பை நுணுக்கமாகப் பார்க்க நமக்கு வாய்த்த நட்சத்திரம் சூரியன் ஒன்றுதான். கொடைக்கானலில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்கள் பழைய கதை என்று யாராவது சொன்னால் நம்பாதே. புள்ளிகள் எப்படி வருகின்றன, மறைகின்றன என்று தெரியாமல் இன்னொரு பூமியை உறுதி செய்யவே முடியாது. நீ இயற்பியல் படிக்கிறாய் என்றால் இந்தப் பக்கம் வா. வேலை நிறைய இருக்கிறது.

டாக்ஸி ஓட்டுநர், மூஞ்சிக்கல்: நம்ம நாட்டுல யாரும் கண்டுபிடிக்கலையாண்ணே?

கண்டுபிடிச்சிருக்காங்க தம்பி. ராஜஸ்தானின் அபு மலையில், இந்தத் தள்ளாட்டத்தை அளக்கும் பாரஸ் என்ற கருவியை வைத்து அகமதாபாத் விஞ்ஞானிகள் 2018-ல் ஒன்றை அறிவித்தார்கள். சுமார் 600 ஒளியாண்டு தூரம், பூமியைப் போல 27 மடங்கு நிறை. அதற்கு வெகுகாலம் முன்பே, 1855-ல், சென்னை வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தில் கோள் இருக்கலாம் என்று எழுதினார். அது தவறாகிப் போனது. ஆனால் அளவுகளில் வந்த சிறு பிசகை வைத்துக் கோளைத் தேடலாம் என்ற துணிவு பெரிது. அந்த ஆய்வகத்தின் வானியல் பணிதான் 1899-ல் நம் மலைக்கு வந்தது.

இல்லத்தரசி, வில்பட்டி: கோள் உள்ள நட்சத்திரத்தையாவது வெறும் கண்ணால் பார்க்கலாமா அண்ணா?

பார்க்கலாம் தங்கச்சி. மேகம் விலகிய டிசம்பர் முன்னிரவில் பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள். அவற்றுக்கு ஏறக்குறைய நடுவில், சற்று மேற்கே, மங்கலாகத் தெரிவதுதான் 51 பெகாசி. 50 ஒளியாண்டு தூரம். ஏரிப் பக்கம் விளக்கு வெளிச்சம் அதிகம்; மன்னவனூர்ப் பக்கம் போனால் நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.