புகை எங்கே போனது?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ரயில்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். போன ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய், மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் ஏறினோம். அந்த ஒரு நாளில் மட்டும் 900 படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில்கூடப் புகை சரியாக விழவில்லை. எஞ்சின் வெறும் கறுப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் எடுக்கும் படங்களில் வெள்ளைவெளேரென்று எழும்புகிறதே, எனக்கு மட்டும் ஏன் இல்லை? லென்ஸை மாற்ற வேண்டுமா?

இன்னொன்று. இப்போது ஓடும் எஞ்சின்களில் சில பொன்மலையில் புதிதாகச் செய்தவை என்று ரயிலில் ஒருவர் சொன்னார். "புது எஞ்சினைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் சிங்கப்பூரில் இருந்துகொண்டே பழக வழி உண்டா?

பெயர் வேண்டாம்,
யீஷூன்

அன்புள்ள தம்பிக்கு,

லென்ஸ் வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பதிலைப் படித்து முடிப்பதற்குள் கேமராக் கடைகள் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் புகை கேமராவில் தொலையவில்லை. ஜூன் மாத வெயிலில் தொலைந்துவிட்டது.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளை, அது குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறியபின் வருவது. நம் அடுக்களையில் மூடியைத் திறந்தால் ஒரு கணம் எழுந்து காணாமல் போய்விடும். குன்னூரில் டிசம்பர் விடியற்காலையில் அதே மூடியைத் திறந்தால் உத்தரம் வரை போய்த் தங்கும். எஞ்சினின் புகைபோக்கியிலும் இதுதான் கதை. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டு, உலையின் புகையையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. காற்று குளிர்ந்திருந்தால் அது மேகமாகத் தொங்கும். சூடாக இருந்தால் இரண்டு மூன்று அடிக்குள் கரைந்துவிடும். நீங்கள் படம் எடுத்ததோ மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில், கோடைக் காலையில், இன்னும் வேலையே தொடங்காத ஒரு எஞ்சினை.

வேலை தொடங்குவது கல்லாறில். அதுவரை சமதளம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பற்சட்டப் பாதை. ஏறக்குறைய 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு, வெறும் சக்கரத்தால் முடியாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட சட்டம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு போதும். பற்சட்டத்தில் ஏறியதும், அந்த இரண்டிலிருந்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அப்போது எஞ்சின் விடும் மூச்சு வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும். உங்களுக்கு வேண்டிய புகை அங்கே இருக்கிறது.

ஆனால் ரயிலுக்குள் உட்கார்ந்தால் அது கிடைக்காது. மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. முன் பெட்டிக்காரர்களுக்குப் பள்ளத்தாக்குதான் தெரியும், எஞ்சின் தெரியாது. ஓட்டுநருக்கும் முன்பாதை தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திட்டிலும் பெட்டியின் பிரேக்கைக் கவனிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், கையில் கொடியோடு. முதல் பெட்டிக்காரர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அது ஒவ்வொருவராகப் பின்னால் போய் ஓட்டுநருக்குச் சேரும். உங்கள் 900 படங்களில் இவர் எத்தனையில் இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், ஒன்றிலும் இருக்கமாட்டார்.

இவரை நானும் ஒருமுறை தவறவிட்டேன். ஒரு ஜனவரியில் வாடகைக் காரில் கல்லாறு போனேன். ஓட்டுநர் நல்ல மனிதர், எனக்காக ஏசியை உச்சத்தில் வைத்திருந்தார். ரயில் வரும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து குதித்து கேமராவைத் தூக்கினால், எல்லாம் பால் மாதிரி வெள்ளை. குளிர்ந்திருந்த லென்ஸின்மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிட்டது. எம்ஆர்டியிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான். சட்டை நுனியால் துடைக்க, மறுபடி மங்க, துடைக்க, மங்க. அதற்குள் பிரேக்ஸ்மேன் பச்சைக் கொடியோடு கடந்து போய்விட்டார். என்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஞாபகம். எதைப் படம் எடுக்க வந்தேனோ, அதே வெள்ளைதான் என் லென்ஸை மறைத்தது! அன்றிலிருந்து அரைமணி நேரத்துக்கு முன்பே கேமராவைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன்.

சரி, கறுப்புப் பெட்டி விஷயம். எஞ்சின் கறுப்பு. கேமரா கறுப்பைப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துத் தூக்கிக் காட்டும், புகை வெளிறி மறைந்துபோகும். பின்னால் வெயிலடிக்கும் வானம் இருந்தால் நேர்மாறாக இருட்டடிக்கும், எஞ்சின் நீங்கள் சொன்ன பெட்டியாகிவிடும். வெளிச்ச அளவைப் புகைக்கு ஏற்ப வையுங்கள். நிழலில் இருக்கும் சக்கரங்களைப் பிறகு கணினியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் வெளிறிப்போன வெள்ளையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சாய்வான காலை வெயிலில் பக்கவாட்டில் நில்லுங்கள், சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் ஒளி விழும். தண்டு கீழே இருக்கும் கணத்தில் எடுத்தால் சக்கரம் முழுதாகத் தெரியும். மேலே இருந்தால் முழங்கை மடக்கிய ஆள்போல அசிங்கமாக இருக்கும். இது என் பிடிவாதம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கரும்புகை வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சில நாடுகளில் படக்காரர்கள் பணம் சேர்த்துத் தனி ரயில் ஓட வைத்து, உலையைக் கவனிக்கும் ஃபயர்மேனிடம் கேட்டுக் கரும்புகை போட வைக்கிறார்கள். கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நல்ல ஃபயர்மேனுக்கு அது மானக்கேடு.

எப்போது போவது? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பாதையில் மண் சரியும், ரயிலை ரத்து செய்வார்கள். நம் ஆண்டு இறுதி விடுமுறை அதில்தான் மாட்டிக்கொள்கிறது. பொங்கலையொட்டிப் போக முடிந்தால் போங்கள். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். எல்லாரும் டீக்கும் குரங்குக்கும் ஓடுவார்கள், நீங்கள் பின்னால் எஞ்சினிடம் போங்கள். தண்ணீர்க் குழாயைத் திருப்பும் கை, எண்ணெய் விடும் கை, கழுத்தில் சுற்றிய துணி. பத்து நிமிடம் கிடைத்தாலே நூறு படத்துக்குச் சமம். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். இந்திய ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அது குற்றம். அதைவிட, அந்தப் பாதையின் பாலங்களில் ஒதுங்க இடம் கிடையாது.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. நல்ல கேள்வி. அவரிடம் நான் சொன்னதாக ஒன்று கேளுங்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் எத்தனை வயது? 1827 என்பார். 2023இல் குடமுழுக்கு நடந்ததே, கோபுரத்துச் சிற்பங்களுக்கெல்லாம் புது வண்ணம் பூசினார்களே, அதனால் அது புதுக் கோவில் ஆகிவிட்டதா? தேரின் சக்கரம் இற்றுப்போனால் புதுச் சக்கரம் போட்டு அதே தேரைத்தானே இழுக்கிறோம்?

நீராவி எஞ்சினும் அப்படிப்பட்டதுதான். பாய்லர் என்பது நெருப்புக்கும் அழுத்தத்துக்கும் நடுவே வாழ்கிற பொருள். ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். ஓடிய காலத்திலேயே அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்த எக்ஸ் எஞ்சின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பட்டறைக்காரர்கள் அதே வகையைப் புதிதாகச் செய்தார்கள். நீராவி எஞ்சின் செய்வதை உலகமே ஏறக்குறைய நிறுத்திவிட்ட காலத்தில்! எனக்கு அது பழைய எஞ்சினைவிடப் பெரிய அதிசயம். 1855இல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின் நூறு ஆண்டுக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் பட்டறைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்துச் சரிசெய்து 2010இல் ஓடவிட்டார்கள். அதில் எத்தனை திருகாணி 1855இன் திருகாணி என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே அது ஊதிக்கொண்டு போனபோது வேடிக்கை பார்த்தவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக சிங்கப்பூர். இங்கே ஓடும் நீராவி எஞ்சின் கிடையாது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அது டீசல்தான். ஊரே கேமராவோடு நின்றது. நானும் நின்றேன், முந்நூறு முதுகுகளை எடுத்து வந்தேன்.

ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன் புக்கிட் தீமா நிலையத்தில் எடுத்த ஒரு படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் இருக்க அங்கே டோக்கன் முறை கடைசிவரை இருந்தது. டோக்கன் கையில் இருக்கும் ரயில்தான் அந்தப் பாதையில் போகலாம். பெரிய வளையம், அதில் ஒரு பை, பைக்குள் டோக்கன். ரயில் மெதுவாகக் கடக்கும்போது நிலையக்காரர் வளையத்தை நீட்டுவார், எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வாங்கும். என் படத்தில் இரண்டு கையும் வளையமும் மட்டும் இருக்கின்றன. எஞ்சின் படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அன்று தவறாக எடுத்துவிட்டேன் என்று அழிக்கப் பார்த்தேன்.

பழகுவதற்கு அதே இடத்துக்குப் போங்கள். ரயில் பாதை இப்போது 24 கிலோமீட்டர் நடைபாதை, புக்கிட் தீமா நிலையமும் இரும்புப் பாலமும் அப்படியே இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போய் ஓரமாக நின்று, ஷட்டரை 1/30 வினாடியில் வைத்து, கடக்கும் சைக்கிள்களை உடலைத் திருப்பியபடி எடுங்கள். மலை ரயில் பற்சட்டத்தில் ஏறும் வேகம் நிதானமான சைக்கிள் வேகத்தைத் தாண்டாது. ஆளும் கைப்பிடியும் தெளிவாகவும் பின்னால் மரங்கள் கோடாகவும் வர ஆரம்பித்தால் டிக்கெட் போடலாம். முதல் நாள் ஐம்பதில் ஒன்று தேறினால் அதிகம். யாராவது நிறுத்தி எதற்கு என்னைப் படம் எடுக்கிறாய் என்று கேட்டால், ஊட்டி ரயிலுக்கு ஒத்திகை என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் கேட்ட ஒரு அம்மா அதை நம்பவே இல்லை.