யாருக்குத் தெரியாத ரகசியம்?

கேள்வி: ரஷ்யாவிடம் 'லொஷாரிக்' என்று ஒரு அணுசக்தி நீர்மூழ்கி இருக்கிறதாமே? கடலின் அடிமட்டம் வரை இறங்கி, யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்டு வந்துவிடுமாம். அதைப் பற்றி அந்த நாடு வாயே திறப்பதில்லை. ரகசியம் காப்பது என்றால் அப்படி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் குறை சொல்லும் நீங்கள் இதையாவது பாராட்டலாமே? (என் பெயரைப் போட வேண்டாம்.)

பதில்: போடவில்லை. உங்கள் ரகசியத்தை நான் காப்பாற்றிவிட்டேன். லொஷாரிக்கின் ரகசியத்தை ரஷ்யா காப்பாற்றிய லட்சணத்தையும் பார்த்துவிடுவோம்.

2014 கோடையில் பிரபல கார் பத்திரிகை ஒன்றின் ரஷ்யப் பதிப்புக்காரர்கள், புது மெர்சிடிஸ் ஜீப்பைப் படம் பிடிக்க ஆர்க்கேஞ்சல்ஸ்க் பக்கம் வெண்கடல் கரைக்குப் போனார்கள். வண்டியைக் கரையில் நிறுத்தி, பின்னால் கடல் தெரிகிற மாதிரி கோணம் பார்த்து எடுத்தார்கள். 2015 ஜனவரியில் படம் அச்சில் வந்தது. வண்டிக்குப் பின்னால் தண்ணீரில் கறுப்பாக, நீளமாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் படத்தில் காரை யார் கவனித்தார்கள்? 2003-இல் செவெரோத்வின்ஸ்க் கப்பல் தளத்திலிருந்து தண்ணீரில் இறக்கியதுமுதல் பொத்திப் பொத்தி வைத்திருந்த கப்பல், கார் வாங்க நினைக்கிறவர்கள் புரட்டும் பத்திரிகையில் ஓசியில் போஸ் கொடுத்திருந்தது.

அதற்கு முன்பும் ஒன்றும் தெரியாமல் இல்லை. தாளில் அதன் பெயர் ஏஎஸ்-31. 'லொஷாரிக்' என்பது 1971-இல் வந்த சோவியத் பொம்மைப் படத்துக் குதிரை. சர்க்கஸ்காரர் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் பந்துகளையே உடம்பாகக் கொண்ட குதிரை அது. ரஷ்ய மொழியில் லோஷத் என்றால் குதிரை, ஷாரிக் என்றால் சின்னப் பந்து. கப்பலுக்கும் உள்ளே அதே உடம்புதான்: டைட்டானியத்தால் செய்த உருண்டைகளை வரிசையாகக் கோத்து, வெளியே வழக்கமான நீர்மூழ்கி மாதிரி ஒரு உறை போட்டிருக்கிறார்கள். செல்லப் பெயரிலேயே கட்டுமான வரைபடத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் ரகசியம் என்கிறார்கள். பூசாரியே சாமியின் நகை இருக்கும் இடத்தைப் பாட்டாகப் பாடுகிற கதை.

உருண்டை எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 2,500 மீட்டரில் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மேல் சுமார் 250 கிலோ உட்காரும். ஐந்து மூட்டை சிமென்ட்! உருளை வடிவ உடம்பு அதைத் தாங்குவது கஷ்டம். அதனால்தான் சாதாரணப் போர் நீர்மூழ்கிகள் சில நூறு மீட்டரோடு நின்றுவிடுகின்றன. உருண்டை, பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். பேட்டரியில் ஓடும் சிறு கலங்களும் ஆழத்துக்குப் போகும், ஆனால் சில மணி நேரத்தில் மேலே வந்தாக வேண்டும். அணு உலை இருந்தால் அந்த அவசரம் இல்லை. அடியிலேயே தங்கி நிதானமாக வேலை பார்க்கலாம்.

தனியாகத் தூரதேசம் போகிற ரகம் இல்லை இது. ஏவுகணைகளைக் கழற்றி மாற்றியமைத்த பெரிய நீர்மூழ்கி ஒன்றின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு போகும். வைணவர்கள் சொல்லும் மர்க்கட நியாயம்தான்: தாய்க்குரங்கு தாவும், குட்டி பிடியை விடாது. துறைமுகத்தை விட்டுத் தாய் கிளம்புவதைச் செயற்கைக்கோள் பார்க்கும். குட்டி எங்கே பிடியை விட்டு இறங்கியது என்பது தண்ணீருக்கு அடியில் நடக்கிற விஷயம். நீங்கள் மெச்சுகிற ரகசியத்தில் உண்மையிலேயே உருப்படியான பகுதி இது ஒன்றுதான். ஒத்துக்கொள்கிறேன்.

கீழே இறங்கி என்ன செய்யும்? 2012-இல் ஆர்க்டிக்கில் மெண்டலேயெவ் மலைத்தொடர்ப் பகுதியில், இரண்டரை மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறைத் துண்டுகள் சேகரிக்கும் வேலையில் இருந்தது. 'இந்தக் கடலடி எங்கள் கண்டத்தின் தொடர்ச்சி' என்று, கடலடியில் எந்த நாட்டுக்கு எதுவரை உரிமை என்று பார்க்கும் ஐ.நா. ஆணையத்திடம் ரஷ்யா வைக்கிற வாதத்துக்கு அந்தக் கற்கள் சாட்சி. அதை அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். பெருமை வேண்டும்போது ரகசியம் கொஞ்சம் தளர்ந்துகொள்ளும்.

மேற்கத்திய நாடுகள் பயப்படுவது கல்லுக்காக அல்ல, கேபிளுக்காக. கண்டம்விட்டுக் கண்டம் போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாகப் போவதில்லை. ஆழ்கடலில் தோட்டத்து ஹோஸ் குழாய் தடிமனே உள்ள கேபிள்களில் போகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கேபிளை அறுக்க அணுசக்தி நீர்மூழ்கி தேவையே இல்லை. இழுத்துக்கொண்டு போகும் ஒரு நங்கூரம் போதும், ஒரு மீன்பிடி வலை போதும். வருடா வருடம் நடக்கும் சேதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டால்தான். லொஷாரிக் மாதிரி ஒன்று தேவைப்படுவது, நங்கூரமே எட்டாத ஆழத்தில் ஒரு பொருளை வைக்க, எடுக்க, அல்லது தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடாத மாதிரி வர.

இந்தக் கலையில் முன்னோடி அமெரிக்கா. 1971-இல் அதன் ஹாலிபட் நீர்மூழ்கி, ரஷ்யாவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஓகோட்ஸ்க் கடலுக்குள் நுழைந்து, சோவியத் கடற்படையின் கேபிள் மேல் ஒட்டுக்கேட்கும் கருவியை மாட்டியது. முக்குளிப்பவர்கள் அவ்வப்போது இறங்கிப் பதிவு நாடாக்களை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மாமாங்கக் கணக்கில் ஓடியிருக்க வேண்டிய வேலை. கடன்பட்டுத் திவாலான முன்னாள் உளவுத்துறை ஊழியர் ரொனால்ட் பெல்டன், 1980-இல் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய் அதை 35,000 டாலருக்கு விற்றுவிட்டார். கடலடியில் காத்த ரகசியம் தரையில் போயிற்று.

சரி, நீங்கள் கேட்ட பாராட்டுக்கு வருகிறேன்.

2019 ஜூலை 1. ரஷ்யாவுக்கும் நார்வேக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடல். லொஷாரிக்கின் உள்ளே தீ. இரவு ஒன்பதரை மணிவாக்கில், ஊரா விரிகுடாப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நீர்மூழ்கி திடுமென்று முழுசாக மேலே வந்ததையும், அதன் மேல்தளத்தில் ஆட்கள் பரபரத்து ஓடியதையும் பார்த்ததாக உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று எழுதியது. ஆக, முதல் சாட்சி மீனவர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கை மறுநாள்தான் வந்தது: கடலடியை அளவிட்டுக்கொண்டிருந்த ஆழ்கடல் ஆராய்ச்சிக் கலம் ஒன்றில் தீ, புகையை உள்ளிழுத்து 14 பேர் இறந்தார்கள்.

ஆராய்ச்சிக் கலம் என்றதும் நீங்கள் ஏதோ மீன்வளக் கல்லூரி மாணவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இறந்த 14 பேரில் ஏழு பேர் முதல்நிலை கேப்டன்கள், தரைப்படையில் கர்னலுக்குச் சமமான பதவி. இரண்டு பேர் ஏற்கெனவே 'ரஷ்யாவின் வீரர்' பட்டம் பெற்றவர்கள். இதைச் சொன்னவர் அதிபர் புதினே. இது சாதாரணக் கப்பல் இல்லை என்றும் அவரே சொன்னார். எந்தக் கப்பல் என்று கேட்ட நிருபர்களுக்கு, அதெல்லாம் அரசு ரகசியம் என்றது கிரெம்ளின்.

2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேரோடு மூழ்கியது சனிக்கிழமை. ஊருக்குச் சொன்னது திங்கள்கிழமை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததாக. அதற்கு இது தேவலை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறிக்கையில் இல்லாத ஒரு சொல்லைப் பாருங்கள்: அணு உலை. பக்கத்தில் நார்வே. அவர்களுடைய கதிரியக்கப் பாதுகாப்புத் துறை தன் கருவிகளைப் பார்த்து, வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டது. ஜூலை 4 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஷொய்குவிடம் புதின், உலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அது தனியே பிரித்து அடைக்கப்பட்டிருக்கிறது, ஆட்கள் பத்திரப்படுத்திவிட்டார்கள் என்றார் அமைச்சர். தீப்பிடித்த கப்பலுக்குள் ஒரு அணு உலை இருந்தது என்பதை ரஷ்யப் பொதுஜனம் அரசாங்கத்தின் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். தீப்பிடித்து மூன்று நாள் கழித்து.

அமெரிக்க உளவுத்துறைக்குத் தெரியும், நார்வேக்காரருக்குத் தெரியும், கார் பத்திரிகை வாசகருக்கும் தெரியும். அந்தக் கடலை ஒட்டிய முர்மான்ஸ்க் கடற்கரையில் குடியிருக்கிறவருக்கு மட்டும் சொல்லக்கூடாது. இதைத்தான் நான் பாராட்ட வேண்டும் என்கிறீர்கள்.

பாராட்ட வேண்டியவர்கள் உள்ளே இருந்தார்கள். தீ மூண்ட பகுதியிலிருந்து, தொழிற்துறையைச் சேர்ந்த ராணுவத்தில் இல்லாத நிபுணர் ஒருவரை முதலில் வெளியேற்றிவிட்டு, தீ மற்ற இடங்களுக்குப் பரவாமல் இருக்கத் தங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று ஷொய்குவே சொன்னார். நால்வருக்கு இறந்தபின் வீரர் பட்டம் கிடைத்தது, மற்றவர்களுக்குத் தீரத்துக்கான விருது. பெயர்ப் பட்டியலையும் வெளியிட்டார்கள். அவர்கள் இறந்த கப்பலின் பெயரை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.